இரவில் வந்த விருந்தாளி
புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்க்கையிலிருந்து

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை, ஹல்கரனோயா எனப் பனிமூட்டத்துக்குள் வளைந்து வளைந்து செல்லும் வீதி, உடப்புசல்லாவையில் வந்து சற்று இளைப்பாறுகிறது. அங்கிருந்து மலைச்சரிவுகளில் ஏறியும் இறங்கியும் போகும் தோட்டத்துப் பாதைகளில், திருப்பலிக்குச் சுவாமி வரும் நாள் என்றால் அது தனிநாள்தான். பாதையின் திருப்பத்தில் பிள்ளைகள் காவல் நிற்பார்கள். லயத்து இஸ்தோப்பு முந்தின நாளே மெழுகப்பட்டிருக்கும். ஆயினும் எந்த வீட்டில் அவரை அமர வைப்பது, என்ன கொடுத்து உபசரிப்பது என்ற கேள்வி எழும்போது, நம் தாய்மார் பலர் ஒதுங்கிப் போவதுண்டு. இந்த ஒரு காம்பிராவுக்குள் சுவாமியை எப்படி அழைப்பது, பிளேன்டியும் ரொட்டியும் தவிர நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே அவர்களுடைய சங்கடம்.

இந்தச் சங்கடம் உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு மனிதரின் வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டில் கால்நடையாகத் திரிந்து, கிடைத்த இடத்தில் தங்கி, கொடுத்ததை உண்டு வாழ்ந்த அவர்தான் இலங்கையின் அப்போஸ்தலர் எனப்படும் புனித யோசேவாஸ் அடிகளார்.

கோவாவில் பிறந்தவர்

1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் நாள், கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில், தாயாரின் பிறந்தகத்தில் யோசேவாஸ் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ். தாய் மரியா தெ மிராண்டா. ஆறு பிள்ளைகளுள் இவர் மூன்றாமவர். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்ற பின், கோவா நகரின் கல்லூரிகளில் மெய்யியலும் இறையியலும் பயின்று 1676-ல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதி அதில் கையொப்பமிட்டார். அன்று தொடங்கிய அந்த அடிமைத்தனத்தை அவர் இறுதி மூச்சுவரை விடவில்லை.

1681 முதல் 1684 வரை, மங்களூர் அடங்கிய கன்னட நாட்டுக் கரையோரத்தில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரிடையே உழைத்தார். பின்னர் கோவாவில், நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த ஒரத்தோரியன் இல்லத்தில் 1685-ல் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே அவர்கள் இவரைத் தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். பதவியும் மதிப்பும் தேடிவந்த அந்த வேளையில், அவர் மனம் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு தீவின்மேல் இருந்தது.

மேய்ப்பர் இல்லாத முப்பது ஆண்டுகள்

அந்நாளில் இலங்கையின் நிலை என்ன? 1656-ல் கொழும்பும் 1658-ல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கல்வீன் மதத்தினரான ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்கள் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினர். கோவில்களைத் தம் மதக் கோவில்களாக்கினர். குருவானவர் ஒருவரை வீட்டில் மறைத்து வைத்திருப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறப்பித்தனர்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுவாமிக்கு ஒரு பாய் விரித்துக் கொடுத்தால் உயிர் போகும். ஒரு வாய்ச் சோறு கொடுத்தால் வீடு போகும். அத்தகைய சட்டத்தின் கீழ் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இன்றி நம் மக்கள் வாழ்ந்தனர். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வீடே கோவிலாக இருந்தது, தாய்தான் உபதேசியார்.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த யோசேவாஸின் நெஞ்சை உறுத்தியது. ஐரோப்பியக் குரு ஒருவர் வந்தால் ஒல்லாந்தர் நிறம் கண்டு பிடித்துவிடுவார்கள். கறுத்த மேனியும் வெறுங்காலும் கொண்ட இந்தியர் ஒருவர் வந்தால் கூலியாள் என்று விட்டுவிடுவார்கள். ஆகவே 1686-ல் தலைவர் பதவியை விட்டு, யுவான் என்னும் பணியாளை மட்டும் துணையாகக் கொண்டு அவர் புறப்பட்டார். அதன் பிறகு அவர் சொந்த ஊரைப் பார்க்கவேயில்லை.

கூலியாய் வந்து கரையேறினார்

கடற்கரை வழியாகத் தெற்கே நடந்து தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே தமிழ் படித்தார். 1687-ல் குருவுடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு துண்டுடன் கூலியாளைப் போலத் தோணியேறினார். புயலில் அலைக்கழிந்த அத்தோணி மன்னார்ப் பக்கம் ஒதுங்கி, பின்னரே யாழ்ப்பாணம் சேர்ந்தது. பசியும் கடற்பயணக் கொடுமையும் சேர்ந்து அடிகளாரை வயிற்றுக் கடுப்பு பற்றிக்கொண்டது. எழுந்து நடக்கவும் வலுவின்றி வழியோரத்தில் கிடந்தவருக்கு, இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சிதான் உயிர் தந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பசித்த ஒரு பரதேசிக்கு அவள் கஞ்சி ஊற்றினாள், அவ்வளவே. இலங்கைத் திருச்சபை மறுபடி உயிர்பெற்றது அந்தக் கஞ்சியிலிருந்துதான் என்று சொன்னாலும் மிகையாகாது.

மலையகத்தில் வாழும் நமக்கு இந்த இடம் வேறொரு நினைவையும் கொண்டுவருகிறது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, கோப்பித் தோட்டங்களுக்கென்று நம் முன்னோர் வந்ததும் அதே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியேறித்தானே! மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வெயிலும் நிறைந்த வன்னி வழியே மாத்தளைவரை கால்நடையாய் வந்தார்கள். வயிற்றுக் கடுப்பும் வாந்திபேதியும் அவர்களில் எத்தனையோ பேரை வழியோரத்திலேயே படுக்க வைத்தன. அவர்களுக்கு முன்பாகவே, இடுப்புத் துண்டும் கால்நடையும் நோயுமாய் அந்தத் திசையில் வந்தவர் நம் அடிகளார். புனிதர்கள் வரிசையில் கூலியாள் வேடத்தில் இந்நாட்டுக் கரையில் இறங்கிய ஒருவர் நமக்கு இருக்கிறார் என்பது சாதாரண ஆறுதல் அல்ல.

கழுத்தில் செபமாலை

உடல் தேறியபின், கத்தோலிக்கர் யார், அல்லாதார் யார் என்று அறிவது எப்படி என்று அடிகளார் சிந்தித்தார். வாய்விட்டுக் கேட்க முடியாது. எனவே ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். சிலர் முகம் சுளித்தனர். சிலர் அஞ்சிக் கதவைச் சாத்தினர். ஆனால் ஒரு வீட்டார் அந்தச் செபமாலையைக் கண்டதும் பரிவோடு பார்த்ததையும், மறைத்தும் மறையாமலும் பக்தி காட்டியதையும் அவர் கவனித்துக்கொண்டார். மீண்டும் மீண்டும் அங்கே சென்று, அவர்கள் மனத்தைப் பக்குவமாய் அறிந்து, கடைசியில் தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். அவர்கள் உடனே நம்பிவிடவில்லை. ஒல்லாந்தரின் ஒற்றனாயிருந்தால் குடும்பமே அழிந்துபோகும் அல்லவா? நம்பிக்கைக்குரிய பெரியவர்கள் விசாரித்துத் தெளிந்தபிறகுதான் அந்த வீட்டின் கதவு முழுவதும் திறந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே கர்த்தருடைய பலிபீடம் அமைந்தது.

பின்னர் சில்லாலை மக்கள் அவரைத் தங்கள் ஊரில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அது அவருடைய இருப்பிடமாயிற்று. பகலில் மறைந்திருப்பார். இருட்டியதும் கூலியாளாகவோ பிச்சைக்காரராகவோ வேடம் பூண்டு சுற்றூர்களுக்குப் போவார். பாவசங்கீர்த்தனம் கேட்டு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, விடியுமுன் பூசை நிறைவேற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுவிடுவார். ஊர் முழுவதும் தெரிந்த அந்த இரகசியத்தை ஒருவரும் வெளியே சொல்லவில்லை. உபசரிப்பில் இதுவும் ஒரு வகை. சோறு கொடுப்பது எளிது. வாயைக் காப்பது கடினம்.

விருந்தோம்பலுக்குக் கொடுத்த விலை

1689-ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவு. யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காக மக்கள் கூடியிருந்தனர். செய்தி எப்படியோ ஒல்லாந்த ஆளுநரான புளோரிஸ் புளோமின் காதுக்கு எட்டியது. படைவீரர் வீட்டை வளைத்து உள்ளே புகுந்தனர். சுமார் முந்நூறு பேர் பிடிபட்டனர், திருச்சொரூபங்கள் மிதிக்கப்பட்டன. ஆனால் அவர்கள் தேடிவந்த குருவானவர் கையில் அகப்படவில்லை. இறைவனின் காவலே அது என்று மக்கள் நம்பினர்.

அவர் தப்பினார், அவரை வரவேற்றவர்கள் தப்பவில்லை. ஆண்கள் சிறையிலிடப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டனர். அவர்களுள் எட்டுப் பேர் மிகக் கொடூரமாக அடிக்கப்பட்டனர். ஒருவர் அந்த அடியிலேயே உயிர் நீத்தார். ஏனையோர் சிறையிலும் கடுவேலையிலும் வாடினர். தங்கள் விருந்தாளியைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருக்கலாம். அவர்களுக்குப் பீடமும் இல்லை, திருவிழாவும் இல்லை. புனித யோசேவாஸின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்த எட்டுப் பேரையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கண்டி அரசுக்குள்

ஒல்லாந்தர் பிடியிலிருந்து விலகி, 1690-ல் அடிகளார் கண்டி அரசனுக்கு உட்பட்ட புத்தளம் பகுதிக்குச் சென்றார். அங்கிருந்த கத்தோலிக்கரைத் திரட்டியபின் 1692-ல் கண்டி நோக்கிப் புறப்பட்டார். அக்காலத்தில் கண்டி நாட்டுக்குள் நுழைவது எளிதன்று. கணவாய்கள் தோறும் காவல் கடவைகள்; முள்ளால் அடைத்த வாயில்கள்; அரச அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே வரக்கூடாது. உள்ளே வந்தவர் வெளியே போவதும் அரிது. கண்டி நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ் 1679-ல் தப்பியோடிய கதை பலரும் அறிந்தது. இன்று தேயிலைச் செடிகள் நிறைந்த நம் உடப்புசல்லாவைப் பகுதியும், வலப்பனை மலைகளும் அந்நாளில் அந்த அரசின் காடடர்ந்த உட்பகுதிகளே.

அந்தோனியோ சொத்தோமயோர் என்னும் கத்தோலிக்கர் அடிகளாருக்கு வழித்துணையாக வந்தார். நகரை நெருங்கும் வேளையில், லானறோல் என்னும் பிரெஞ்சுக்காரர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனிடம் கோள் சொல்லிவிட்டார். அரசனான இரண்டாம் விமலதர்மசூரியனின் கட்டளைப்படி அடிகளார் விலங்கிடப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். உபசரிப்பைத் தேடி வந்தவருக்குக் கிடைத்த முதல் இருப்பிடம் சிறைக்கூடம்.

அவர் முறையிடவில்லை. சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். அவருடைய அமைதியான நடத்தையைக் கண்ட காவலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகளைத் தளர்த்தினர். ஒரு சிறு குடிசைக் கோவில் எழுந்தது. கண்டியிலிருந்த கத்தோலிக்கர் முதலில் அச்சத்தோடும் பின்னர் துணிவோடும் வரத் தொடங்கினர். பின்னர் நாட்டில் கொடிய வறட்சி உண்டானது. மற்றவர்களின் வேண்டுதல்களுக்குப் பின் அரசன் இவரையும் செபிக்கச் சொன்னான் என்றும், வெட்டவெளியில் பீடம் அமைத்து அவர் மன்றாடியபோது பெருமழை கொட்டியதென்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு கூறுகிறது. அதுமுதல் அரசன் அவருக்கு நாடெங்கும் சென்றுவர அனுமதி கொடுத்தான். பௌத்த அரசன் ஒருவன், ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட கத்தோலிக்கக் குருவுக்குத் தன் நாட்டில் நிழல் கொடுத்தான். இந்த விருந்தோம்பலையும் நம் மக்கள் மறக்கலாகாது.

ஒரு நாள் வழிநடை

அவருடைய பயணநாள் ஒன்று எப்படியிருக்கும்? விடியுமுன் திருப்பலி. பின்பு பூசைப் பாத்திரங்களும் உடைகளும் அடங்கிய மூட்டை. கையில் ஒரு கோல், காலில் ஒன்றுமில்லை. அட்டை கடிக்கும் ஈரக்காடு, யானை நடமாடும் ஒற்றையடிப் பாதை, மழைக்குப் பெருகும் ஆறுகள். வழியில் கஞ்சியோ சோறோ கிடைத்தால் உண்பார், கிடைக்காவிட்டால் நடப்பார். பொழுது சாயும் வேளையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ள ஊரை அடைவார்.

அங்கே அவருக்கு ஓய்வில்லை. பிள்ளைகளைக் கூட்டி மந்திரங்களைக் கேட்பார். பிரிந்திருந்த கணவன் மனைவியரைச் சேர்த்து வைப்பார். நோயாளியின் பாயருகே அமர்வார். இரவு நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் கேட்பார். புறப்படுமுன், அவ்வூருக்கு ஒரு மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்திவிட்டுப் போவார். அடுத்த முறை அவர் வர மாதங்களாகலாம், ஆண்டும் ஆகலாம். அதுவரை ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபிப்பதும், சாகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், இறந்தோரை அடக்குவதும் அவர்கள் பொறுப்பு. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், ஒரே குருவானவர் பல கிராமங்களைக் கவனிக்க, உபதேசியார்களே ஞாயிறு வழிபாட்டை நடத்துகிறார்கள். சுவாமி வரும் நாளில் ஊரே திரண்டு பாடி எதிர்கொள்கிறது. அதே முறையை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு நடைமுறையாக்கினார் அடிகளார்.

விருந்தாளியே வீட்டுக்காரரானார்

1697-ல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். பெற்ற பிள்ளையைத் தாயும், தாயைப் பிள்ளையும் விட்டோடும் நிலை. நோயாளிகளைக் காட்டோரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அடிகளாரும், சற்று முன்னர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் முறையான யோசேப் கர்வாலியோ சுவாமியும் மட்டும் நகரில் தங்கினர். கைவிடப்பட்டோரைத் தூக்கிவந்து, வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் கிடத்தினர். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பாராமல் புண்களைக் கழுவினர், கஞ்சி காய்ச்சி ஊட்டினர், இறந்தோரைச் சுமந்து அடக்கம் செய்தனர். ஏறக்குறைய ஓராண்டு இந்தப் பணி நடந்தது.

பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து வழியோரத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் ஊற்றிய கஞ்சியை, கண்டி நகரத்து நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் அடிகளார் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாதிருந்தால் தெருவெல்லாம் பிணமாய்க் கிடந்திருக்கும் என்று அரசனே ஒப்புக்கொண்டதாக வரலாறு கூறுகிறது.

இறுதிப் பயணம்

கொச்சி மேற்றிராணியார் அவரை இலங்கைக்கு முதன்மைக் குருவாக நியமித்திருந்தார். கோவாவிலிருந்து வேறு ஒரத்தோரியன் குருக்களும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, தமிழிலும் சிங்களத்திலும் செப நூல்களையும் ஞான நூல்களையும் இயற்றி மக்கள் கையில் கொடுத்தார். தவக்காலத்தில் நம் கோவில்களில் வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த செல்வமே. 1707-ல் பட்டத்துக்கு வந்த நரேந்திரசிங்கனும் அடிகளாரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தான்.

தேய்ந்த உடலோடும் அடிகளார் நடையை நிறுத்தவில்லை. 1710-ல் வழிப்பயணத்தில் நோயுற்றுக் கண்டிக்குக் கொண்டுவரப்பட்டவர், அதன்பின் எழவில்லை. 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதுகூட நிறையவில்லை. கண்டிக் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கோவில் பின்னர் அழிந்தது. கல்லறையின் அடையாளமும் மறைந்தது. வாழ்நாளெல்லாம் சொந்த வீடின்றித் திரிந்தவருக்கு, தம்முடையதென்று காட்ட ஒரு கல்லறையும் இல்லாமற் போயிற்று.

ஆனால் திருச்சபை அவரை மறக்கவில்லை. 1995-ம் ஆண்டு ஜனவரி 21-ம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இலங்கைத் திருநாட்டின் முதல் புனிதர் அவர்.

நம் இஸ்தோப்பில்

அன்பான வாசகர்களே, நம் லயத்து வாசலுக்கு இனிச் சுவாமி வரும்போது, எதைக் கொடுப்போம் என்று வெட்கப்பட வேண்டாம். இலங்கையின் அப்போஸ்தலர் மாளிகைகளில் விருந்துண்டு இந்தச் சபையைக் கட்டவில்லை. கஞ்சி ஊற்றியவளும், பாய் விரித்தவரும், அடிபட்டும் வாய் திறவாதவருமே அவரோடு சேர்ந்து அதைக் கட்டினார்கள். அவர்கள் வீடுகளும் நம் காம்பிராவைவிடப் பெரியனவாய் இருந்திருக்கப் போவதில்லை.

வருவது சுவாமி மட்டுமல்ல. புதிதாய் மணமாகி வந்த மருமகள், வேலை தேடி வேற்றுத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், பக்கத்துக் காம்பிராவில் நோயாய்க் கிடக்கும் வயதானவர், வேறு மதத்தவரான அயலவர் ஆகிய எல்லாருமே வாசலில் நிற்கும் விருந்தாளிகள்தான். வழியோரத்தில் கிடந்த பரதேசியை யாரென்று கேளாமல் கஞ்சி கொடுத்த அந்தத் தாயின் கை நம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், சுவாமி வராத ஞாயிறுகளிலும் நம் மலைகளில் விசுவாசம் தழைக்கும்.

புனித யோசேவாஸே, எங்கள் மலைப்பாதைகளில் எங்களோடு நடந்து வாரும். எங்கள் சிறிய வீடுகளின் கதவுகள் என்றும் திறந்திருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.